18 வயதுக்கு ஒரு பழைய வேகன் ஆர்: நீடாமங்கலம் பக்கத்து நிகழ்வு ஆய்வு

வெண்ணாற்றங்கரையில் சம்பா சாகுபடி செய்கிற ஒருவர், பிள்ளைகள் ஓட்டிப் பழக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துத் தரச் சொன்னார். பெண்ணுக்கு 18 முடிந்து சில மாதம் ஆகிறது, திருவாரூர்ப் பக்கம் கல்லூரியில் முதலாண்டு. பையனுக்கு 17. பாட்டியை அடிக்கடி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது, வாடகைக் காருக்குக் கொடுத்து மாளவில்லை. பிள்ளைகளின் அப்பாவான அவருக்கோ முழங்கால் வலி. முன்பு குட்டி யானை (டாடா ஏஸ் வண்டி) ஓட்டியவர், லைசென்ஸ் இன்னும் கரண்ட்டில் இருக்கிறது, ஆனால் தூரம் ஓட்ட முடியவில்லை. கையில் இருந்தது இரண்டரை லட்சம். வண்டி, ரிப்பேர், பேப்பர் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

நீடாமங்கலம் வட்டாரத்தில் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் இந்த மாதிரி வேலை எனக்குப் புதிதில்லை. இந்த வண்டியில் எதற்குச் செலவு செய்தோம், எதை வேண்டுமென்றே விட்டோம் என்பது மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "மைலேஜ் என்ன தரும், ஏ.சி. நல்லா இருக்குமா" என்பதுதான். அவரும் அதையேதான் கேட்டார். "அண்ணே, புதுசா ஓட்டுற பிள்ளைக்கு வண்டி ஓடுமான்னு கேக்காதீங்க, நிக்குமான்னு கேளுங்க" என்றேன்.

வண்டிக்கு முன்னால் ஒரு பேச்சு

அவர் மனதில் இருந்த கணக்கு, பெண்ணும் பையனும் சேர்ந்தே பழகட்டும் என்பது. 17 வயதுப் பையன் வயல்வழியில் டிராக்டர் ஓட்டுகிறான், கார் என்ன பெரிய விஷயம் என்று ஒரு நினைப்பு. இங்கே பாதி வீடுகளில் இதுதான் நிலைமை.

கார் ஓட்ட 18 ஆக வேண்டும், எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடுவதற்கே 18 ஆக வேண்டும். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் ஆர்.சி. 12 மாதம் ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சிறைத் தண்டனையைச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. 25 வயது வரை லைசென்ஸ் இல்லை என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையன் காத்திருப்பது என்று அன்றே முடிவாகிவிட்டது.

பெண் விஷயத்திலும் ஒரு விதி வண்டித் தேர்வையே தொட்டது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும், அதுவும் வண்டியை எளிதில் நிறுத்தக்கூடிய மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் மிதி இருக்கும். வீட்டு வண்டியில் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அதனால் ஹேண்ட் பிரேக் லீவர் இரண்டு சீட்டுக்கும் நடுவில், அப்பா கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், இழுத்தால் பிடிக்க வேண்டும். என் பட்டியலில் முதல் வரி இதுதான்.

பார்த்த மூன்று வண்டிகள்

முதலில் வந்தது சென்னைப் பதிவு ஆல்டோ 800, 2014 மாடல். விலை ஊர் விலையைவிட நன்றாகவே குறைவு, பெயிண்ட் பளபள. புரோக்கர் "ஆபீசர் வச்சிருந்த வண்டி" என்றார். பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தேன். சுருளின் உள்ளே இருந்த கடைசி முழம் வரை பழுப்புக் கறை, அதற்கு ஒரு நேர்கோட்டு விளிம்பு. முன் சீட் தண்டவாளத்தின் போல்ட்டெல்லாம் துரு. கால்மிதிக் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினால் கீழே மாவு மாதிரி சாம்பல் நிற வண்டல். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் சென்னையில் எத்தனையோ வண்டிகளை முக்கி எடுத்திருக்கின்றன. அவற்றில் ஒரு பங்கு கழுவித் துடைத்துக் கொண்டு மாவட்டங்களுக்கு வருகிறது. எந்த வெள்ளம் என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. தண்ணீர் குடித்த வயரிங் இன்று ஓடும், நாளை ராத்திரி பாலத்து நடுவில் ஹெட்லைட் அணையும். வேண்டாம் என்று எழுந்துவிட்டோம்.

இரண்டாவது ஒரு சான்ட்ரோ, காரைக்கால் பதிவு. எஞ்சின் நல்ல எஞ்சின்தான், விலையும் பரவாயில்லை. ஆனால் பி.ஒய். (புதுச்சேரிப் பதிவு) வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, டி.என். நம்பர் வாங்க வேண்டும். அதோடு கடற்கரை ஊரில் நின்ற வண்டி. கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியை ஸ்குரூ டிரைவரால் தட்டினால் ஒரு இடத்தில் சத்தம் மாறியது. தட்டிக்கொண்டே போனால் ஓட்டை விழும். அதையும் விட்டோம்.

மூன்றாவதுதான் வாங்கியது. வேகன் ஆர் எல்.எக்ஸ்.ஐ., 2013 மாடல், கும்பகோணம் பதிவு, ஒரே கை. ஓய்வு பெற்ற ஒருவர் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்த வண்டி, 46,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. 998 சிசி கே10 எஞ்சின். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். பெல்ட் அறுந்து விழுமோ என்ற கவலை ஒன்று குறைந்தது. உயரமான பாடி என்பதால் பாட்டி குனியாமல் ஏறலாம், ஓட்டுகிறவருக்கும் பானெட் முனை ஓரளவு தெரியும். கூரையைத் துணி சுற்றிய காந்தத்தால் தடவிப் பார்த்தேன். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது மரம் விழுந்து நசுங்கி, பட்டி பூசி நிமிர்த்திய கூரைகள் இந்தப் பக்கம் நிறைய. இதில் காந்தம் எங்கும் வழுக்கவில்லை. 1,95,000-க்கு முடிந்தது.

ஒரு குறையை வாங்கும்போதே சொல்லிவிட்டேன்: இதில் ஏர்பேக் இல்லை, அழுத்திப் பிரேக் அடித்தாலும் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்கிற ஏ.பி.எஸ்ஸும் இல்லை. 2014-இல் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு இந்தியச் சிறிய கார்களை மோதிப் பார்த்தபோது ஆல்டோ 800, ஐ10 எல்லாம் பூஜ்ய நட்சத்திரம். ஏர்பேக் இல்லாத போலோவுக்கும் பூஜ்யம், அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்ததும் நாலு நட்சத்திரம். புது வண்டிகளில் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலும் டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலும் கட்டாயம் ஆனது. அதற்குப் பின் வந்த வண்டி வாங்க இன்னும் ஒன்று, ஒன்றேகால் லட்சம் வேண்டும். அவரிடம் அது இல்லை. கடன் வாங்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஏர்பேக்கைப் பின்னால் பட்டறையில் வைத்துப் பொருத்த முடியாது. இந்த வண்டி 60-க்கு மேல் போகக் கூடாது, பைபாஸுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்ற நிபந்தனைகள் அங்கிருந்து வந்தவை.

டிரம்மைக் கழற்றியதும்

கம்மியாக ஓடிய வண்டி என்றால் நல்ல வண்டி என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. ஓடாமல் நின்ற வண்டிக்கு வேறு நோய்கள் உண்டு.

டெல்டாவில் மேடு என்றால் பாலம்தான். மற்றதெல்லாம் தட்டையான நிலம். பிள்ளைகள் தட்டையான ரோட்டில் கிளட்சைப் பழகிவிட்டு, ஓட்ட வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் ஒரு வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில், எதிரில் நெல் லோடு டிராக்டர் வர, நடுவழியில் நிறுத்த வேண்டி வரும். பின்னால் ஒரு பைக் ஒட்டி நிற்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். பயந்து கிளட்சை விட்டால் ஆஃப் ஆகும். அந்த இடத்தில் கை போக வேண்டியது ஹேண்ட் பிரேக்குக்கு. ஆகவே வண்டியை நேரே வெண்ணாற்றுப் பாலத்தின் ஏற்றத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி லீவரை இழுத்தேன். கட்கட்கட் என்று மேலே வரை வந்தது. வண்டி நிதானமாகப் பின்னால் நகர்ந்தது.

பட்டறைக்கு வந்து பின் டிரம்கள் இரண்டையும் கழற்றினோம். உள்ளே டிரம்மை அழுத்தி நிறுத்துகிற பிரேக் ஷூவின் தூசியும் களிமண்ணும் சேர்ந்து அடை தட்டியது போல் ஒட்டிக் கிடந்தன, நடுவே வைக்கோல் துணுக்குகள். மழைக்காலத்தில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடும்போது வண்டியை இறக்கியிருக்கிறார்கள், அப்படியே வாரக்கணக்கில் நிறுத்தியும் இருக்கிறார்கள். ஷூ தேயத் தேயத் தானாக இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. இடது பக்க வீல் சிலிண்டர் ரப்பர் கசிந்து ஷூவில் பாதி எண்ணெய்ப் பளபளப்பு. எண்ணெய் குடித்த ஷூவைச் சிலர் மண்ணெண்ணெயில் கழுவி, வாட்டர் பேப்பர் போட்டு மாட்டுவார்கள். அது இரண்டு வாரம் பிடிக்கும், அப்புறம் வழுக்கும். இரண்டு பக்கமும் புது ஷூ, புது வீல் சிலிண்டர், புது ஹேண்ட் பிரேக் கேபிள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் இதில் சிக்கனம் கிடையாது.

முன்பக்கம் வலது சக்கரத்தில் காலிப்பர் பின் காய்ந்து இறுகி, பேட் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. 40-இல் போய் அழுத்திப் பிரேக் அடித்தால் ஸ்டியரிங் இடது பக்கம் போனது இதனால்தான். இடது பக்கம் என்றால் நம் ரோட்டில் வாய்க்கால் பக்கம். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் தடவி, புது பேட் போட்டோம். பிரேக் ஆயில் காப்பித்தண்ணி நிறத்தில் இருந்தது. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஓடாவிட்டாலும் கெடும். முழுவதையும் வடித்துப் புதிது ஊற்றி, நாலு சக்கரத்திலும் பிரேக் லைனில் இருந்து ஏர் எடுத்தோம்.

திரும்பவும் அதே பாலம். இப்போது லீவர் ஐந்தாறு முறை 'கட்' என்றதுமே வண்டி ஏற்றத்தில் அசையாமல் நின்றது. பக்கத்து சீட்டில் அப்பாவை உட்கார வைத்து, மெதுவாக ஓடும்போது அவரையே இழுத்து நிறுத்தச் சொன்னேன். பட்டனை அழுத்திப் பிடித்தபடி லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் லாக் ஆகி வால் சுழலும். அவருக்கு அது கைவந்த பிறகுதான் பெண்ணை டிரைவர் சீட்டில் உட்கார விட்டேன்.

டயர் விஷயத்தில் வீட்டாரோடு கொஞ்சம் வாக்குவாதம். டயரின் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற புடைப்பு) முக்கால்வாசி இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்றார்கள். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நாலு எண்ணைக் காட்டினேன்: 3116. 2016-ஆம் ஆண்டின் 31-வது வாரம் செய்த டயர். கொட்டகையில் ஒரே இடத்தில் நின்றே வயதாகிவிட்டது; பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள், ரப்பரை நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை. இறுகின ரப்பர் ஈர ரோட்டில் பிடிக்காது, ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் சக்கரம் உடனே லாக் ஆகும். 145/80 ஆர்13 அளவில் நாலு புது டயர். பழையதில் நல்லதாக ஒன்று ஸ்டெப்னிக்கு, அதுவும் பஞ்சர் கடை வரை போக மட்டும்.

மாற்றாமல் விட்ட கிளட்ச்

கிளட்ச் பிளேட் பாதி ஆயுளில் இருந்தது. பெடல் மட்டும் கல் மாதிரி கனம். அவர் "எல்லாத்தையும் புதுசா போட்டுடுங்க தம்பி" என்றார். புது பிளேட்டைப் பழகுகிறவர் காலில் கொடுப்பது காசைக் கரைக்கிற வேலை. பழகி முடிப்பதற்குள் எப்படியும் பாதி தேய்த்துவிடுவார்கள். கிளட்ச் கேபிளை மட்டும் மாற்றினோம். பழைய கேபிளின் உள் இழைகள் பிய்ந்து உறைக்குள் உரசிக்கொண்டிருந்தன. புதியது போட்டதும் பெடல் பாதி லேசானது, பிடிக்கிற இடமும் தெளிவாகத் தெரிந்தது. பழகுகிறவருக்கு வேண்டியது அந்தத் தெளிவுதான்.

மற்றவை வழக்கமான வேலைகள். முன் சக்கரங்களைத் தாங்குகிற லோயர் ஆர்ம் இரண்டும் ஆட்டம், மாற்றினோம். பேட்டரி புதிது. ஆயில், ஃபில்டர், பிளக், கூலன்ட். ரேடியேட்டரில் வெறும் தண்ணீரே ஊற்றியிருந்ததால் துருத்தண்ணி போகும் வரை அலசினோம். மங்கி மஞ்சளான ஹெட்லைட்டை வாட்டர் பேப்பரால் படிப்படியாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டோம். பையன் அதிக வாட்ஸ் பல்பு கேட்டான். 60/55 எச்4 போதும். அதற்கு மேல் போட்டால் வயரிங்கும் ஹோல்டரும் உருகும், எதிரில் வருகிறவருக்கும் கண் தெரியாது. ஆடியோ, சீட் கவர், அலாய் வீல் எல்லாம் பட்டியலில் இருந்து அடிக்கப்பட்டன. பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எலி கடித்த வயர் ஒன்று எஞ்சின் பக்கம் கிடைத்தது. அறுவடை முடிந்தால் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும், சூடான பானெட்டுக்குள் புகும். இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றாமல் அந்தத் துண்டையே வெட்டி, சால்டர் பண்ணி, ஸ்லீவ் போட்டோம். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பார்ப்பது பெண்ணின் வேலை என்று ஆகிவிட்டது.

இந்த ஊருக்கென்று செய்தவை

வைக்கோலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே சம்பா அறுவடையில் நெல்லையும், மாசி, பங்குனியில் உளுந்து, பயறுச் செடிகளையும் ரோட்டில் பரப்புவார்கள். வண்டிகள் ஏறிப் போனால் காய் உதிரும் என்று கணக்கு. அந்தச் செடியும் வைக்கோலும் அடியில் சுற்றிக்கொள்ளும். ஆக்சிலில் சுற்றினால் ரப்பர் பூட்டை அறுக்கும். இந்த வண்டியில் இடது பூட் அப்படித்தான் கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியே தெறித்திருந்தது. சைலன்சரில் சிக்கினால் தீப்பிடிக்கும். சைலன்சருக்கு மேலுள்ள சூடு தடுக்கும் தகடு ஒரு பக்கம் கழன்று தொங்கியது, திரும்பப் பொருத்தினோம். பரப்பிய செடி மேல் ஓட்ட நேர்ந்தால், தாண்டியதும் வெறும் தார் ரோட்டில் நிறுத்தி அடியில் குனிந்து பார்க்க வேண்டும், கருகல் வாடை வந்தால் எஞ்சினை அணைத்து எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்று பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தோம். செடி மேலேயே நிறுத்திப் பார்ப்பதுதான் ஆபத்து.

அடுத்தது வாய்க்கால். ஆற்றங்கரை ரோடுகளில் பெரும்பாலும் தடுப்பு கிடையாது. உடைந்து கிடந்த இடது பக்கக் கண்ணாடியை மாற்றி, பின் சக்கரமும் ரோட்டு விளிம்பும் தெரிகிற மாதிரி சற்றுக் கீழே பார்க்க வைத்தோம். அப்பாவுக்காக உள்ளே ஒட்டுக் கண்ணாடி ஒன்று. நாலு ஓரச் சீட் பெல்ட்டையும் வெடுக்கென்று இழுத்து லாக் ஆகிறதா என்று பார்த்ததில், பின்னால் இரண்டும் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தன. தோண்டி எடுத்துச் சுத்தம் செய்தோம். டிரைவர் பெல்ட் ஓரம் நைந்திருந்ததால் புதிது. கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்றை டிரைவர் கை எட்டும் இடத்தில் மாட்டினோம், பெல்ட் அறுக்கும் பிளேடும் அதிலேயே உண்டு. வண்டி தண்ணீரில் இறங்கிவிட்டால் கதவோடு மல்லுக்கட்டக் கூடாது, பெல்ட்டைக் கழற்றி உடனே ஜன்னலை இறக்க வேண்டும். இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன் கண்ணாடி இரட்டை அடுக்கு, அதைச் சுத்தியல் உடைக்காது. இதை வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துச் செய்து பார்க்கச் சொன்னேன். அம்மாவுக்கு இது அபசகுனப் பேச்சாகப்பட்டது. பாட்டிதான் "தெரிஞ்சு வச்சுக்கறதுல என்னடி" என்றார்.

பழகும் காலத்தையும் தண்ணீரை வைத்தே அமைத்தோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடும், ஜூன் 12-இல் திறக்கும். வண்டி வாங்கியது பிப்ரவரி. வாய்க்கால் காய்ந்து கிடக்கிற மாதங்களுக்குள் கரை ரோட்டைப் பழகி முடித்துவிடுவது என்று திட்டம். வெள்ளைப் பலகையில் சிவப்பு எல், முன்னும் பின்னும், 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல். முதலில் கரைக்கு வராமல் களத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும். அப்புறம் பாலம் ஏறி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் விட்டு ஏறுவது. இது மட்டும் சலிக்கச் சலிக்க. பொழுது சாய்ந்தால் ஓட்டக் கூடாது. சாலையில் பாதியை அடைத்து நெல் காயும், சுற்றி அணைப்புக்குக் கல் வைத்திருப்பார்கள், டிராக்டர் டிரெய்லருக்குப் பின் விளக்கு இருக்காது. ராத்திரியில் அனுபவசாலிக்கே தடுமாறும்.

கணக்கு

ரிப்பேர் மொத்தம் 40,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதில் டயர் 13,200, பிரேக் வேலை கூலியோடு 7,800; பாதிக்கு மேல் வண்டியை நிறுத்துகிற சாமான்களுக்கே போனது. வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கை ரிப்பேருக்கு ஒதுக்காமல் பழைய வண்டி வாங்கக் கூடாது என்பது என் கருத்து. 2,20,000-க்கு 'எல்லாம் செய்து முடித்த' வண்டி என்று விற்பார்கள், அதில் செய்து முடித்தது பெயிண்ட்டாகத்தான் இருக்கும்.

பேப்பரில், பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காததற்கான தள்ளுபடி) வண்டியோடு வராது, அதை நம்பி இன்சூரன்ஸ் விலை பேசாதீர்கள். 1000 சிசிக்குள் என்பதால் தேர்ட் பார்ட்டி பிரீமியம் அப்போது வரி நீங்கலாக ஆண்டுக்கு 2,094, உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு தனி. ஆர்.சி. 2028 வரை. அதற்குப் பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் வரும் என்று இப்போதே சொல்லி வைத்தேன்.

பெண் ஏப்ரலில் டெஸ்ட்டில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். பாட்டியின் ஆஸ்பத்திரி நாட்களில் நீடாமங்கலம் ரயில்வே கேட் வரிசையில் நிறுத்தி நிறுத்தி எடுக்கிறாள், ஆஃப் ஆவதில்லை. தஞ்சாவூருக்குள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மட்டும் இன்னும் அப்பாதான் வாங்கி ஓட்டுகிறார். ஒரு தடவை பின் பம்பரைக் களத்துத் தூணில் இடித்தாள். நிமிர்த்த வேண்டாம், ஓட்டிப் பழகி முடியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறோம். ஏ.சி. குளிர்ச்சி போதவில்லை, கண்டென்சரில் கசிவு இருக்கிறது. குறுவைப் பணம் வந்ததும் பார்க்கலாம் என்றார். பையனுக்குப் பங்குனியில் 18 ஆகிறது. அவன் எல்.எல்.ஆர். எடுத்து, பாலம் ஏறிப் பழகி, டெஸ்ட் முடித்த பிறகுதான் கிளட்ச் செட் மாற்றுவது.